கண்ணகி கோட்டத்துக்கு ஏறி குமுளியில் இறங்குவது: ஒரு நாள் வட்ட நடைக்கு வழிகாட்டி

தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்கு நான் வந்த பிறகுதான், எதிரே தெரியும் அந்தப் புல் மலைகளில் வருடத்துக்கு ஒரே ஒரு நாள் நடக்க விடுகிறார்கள் என்பது தெரிந்தது. சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும். மற்ற நாட்களில் அது பெரியார் புலிகள் காப்பகத்தின் காடு. நீங்களும் நானும் கால் வைக்க முடியாது.

2024 ஏப்ரல் 23 அன்று போய்த் தோற்றுத் திரும்பினேன். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் மலைதானே, என்ன அவசரம் என்று காலை பத்தரைக்கு எழுந்து வந்து ஜீப் வரிசையில் நின்றேன். மூன்று மணி நேரம் ஒரு பழக்கடை வாசலில் நின்று, கடைக்காரரின் மாம்பழத்தை எல்லாம் கண்ணாலேயே தின்று முடித்த பிறகு, இனி மேலே விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் 2025 மே 12 அன்று வேறு பக்கமிருந்து, விடியும் முன்பே கிளம்பி, நடந்தே ஏறி, நடந்தே குமுளிக்கு இறங்கினேன். இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

கோயிலின் கதையைச் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

1. முதலில் தேதியை உறுதி செய்யுங்கள்

சித்திரா பௌர்ணமி ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவுக்குள் எந்த நாளிலும் வரலாம். 2022-இல் ஏப்ரல் 16, 2023-இல் மே 5. பௌர்ணமித் திதி பெரும்பாலும் இரண்டு தேதிகளில் பரவிக் கிடக்கும். வீட்டுக் காலண்டரில் முழு நிலா எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறது என்று பார்த்து ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் விழாவுக்கு முன்பு கூடிப் பேசி, தேதியையும் நேரத்தையும் கட்டுப்பாடுகளையும் அறிவிக்கின்றன. தேனி, கம்பம் பகுதி நாளிதழ்ப் பக்கங்களில் அது தவறாமல் வரும். அந்தச் செய்தியைக் கத்தரித்தோ படம் எடுத்தோ கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன கொண்டுபோகக் கூடாது என்ற பட்டியலும் அதில்தான் இருக்கும், வருடத்துக்கு வருடம் ஒன்றிரண்டு மாறும்.

இன்னொன்று, அந்த நாள் ஞாயிறாகத்தான் வரும் என்று இல்லை. 2024-இல் செவ்வாய், 2025-இல் திங்கள். லீவு சொல்லி வைத்துவிடுங்கள். மறுநாளும் சேர்த்துச் சொன்னால் நல்லது, கால் உங்கள் பேச்சைக் கேட்காது.

2. எந்தப் பக்கம் ஏறுவது

மேலே போக இரண்டு வழி.

தமிழ்நாட்டுப் பக்கம்: கூடலூரைத் தாண்டி, லோயர்கேம்பை ஒட்டிய பளியங்குடி. அங்கிருந்து காட்டுப் பாதையில் ஏறக்குறைய ஆறரைக் கிலோமீட்டர். வண்டி கிடையாது, நடைதான். கோயில் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,337 மீட்டரில் இருக்கிறது. அடிவாரம் கம்பம் பள்ளத்தாக்கின் தரை. அந்த உயர வித்தியாசம் முழுவதையும் இந்த ஆறரைக் கிலோமீட்டரில் ஏறித் தீர்க்க வேண்டும் என்றால் எவ்வளவு செங்குத்து என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரளப் பக்கம்: குமுளியிலிருந்து காட்டுக்குள் போகும் ஜீப் பாதை. ஏறக்குறைய 14 கிலோமீட்டர். நீளம் அதிகம், ஏற்றம் குறைவு. குமுளியே உயரத்தில் இருக்கும் ஊர். பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கம் ஜீப்பில்தான் போகிறார்கள். நடக்கிறவர்களும் உண்டு.

வட்டமாகப் போக வேண்டுமென்றால் பளியங்குடியில் ஏறி குமுளியில் இறங்குங்கள். மாற்றிச் செய்யாதீர்கள். குமுளியில் ஏறி பளியங்குடியில் இறங்கிய என் அறைத் தோழர் ஒரு வாரம் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கினார். செங்குத்தான பக்கத்தில் ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போது முட்டியே போய்விடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: பளியங்குடி பக்கம் நீங்கள் எந்த வண்டிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. காலை நேரம் முழுவதும் உங்கள் கையில் இருக்கும். இந்த நடையில் பலரைத் தோற்கடிப்பது மலை இல்லை, கடிகாரம்.

பெரியவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட இருந்தால் இந்த வட்டத்தை விட்டுவிடுங்கள். குமுளியில் ஜீப் ஏறி ஜீப்பிலேயே திரும்புங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

3. முதல் நாள் இரவு எங்கே தங்குவது

கம்பத்தில் தங்குங்கள். குமுளி சுற்றுலா ஊர், சித்திரை மாதம் கோடை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், அறை வாடகை நாம் நினைப்பதைப் போல இருக்காது. கம்பத்தில் பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. விடியற்காலையில் கூடலூர் பக்கம் பேருந்து பிடிப்பதும் சுலபம். விழாவுக்குக் கம்பத்திலிருந்து சிறப்புப் பேருந்துகளும் விடுகிறார்கள்.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ரயிலில் வருகிறவர்களுக்குத் தேனிதான் இறங்கும் இடம். அகலப் பாதையாக்கிய பிறகு 2022-இல் தேனிக்கு மறுபடியும் ரயில் வந்தது, 2023-இல் போடிவரை நீட்டினார்கள். ஆனால் ரயில் நேரத்தை நம்பி விழா நாளன்று காலையில் வந்து இறங்காதீர்கள். முதல் நாள் மாலைக்குள் கம்பம் சேர்ந்துவிட வேண்டும்.

4. காகிதங்கள்

நடந்து போகிறவருக்கு முன்பதிவு, அனுமதிச் சீட்டு, மருத்துவச் சான்று எதையும் என்னிடம் எவரும் கேட்கவில்லை, நுழைவுக் கட்டணமும் வாங்கவில்லை. ஆனாலும் இவை பையில் இருக்கட்டும்:

ஆதார் அட்டை, அசல். கைப்பேசியில் இருக்கிறது என்று நினைத்து வராதீர்கள். மலையில் சிக்னல் வரும் போகும், சார்ஜும் அப்படித்தான். ஏறுவது ஒரு மாநிலம், இறங்குவது இன்னொரு மாநிலம், நடுவில் இரண்டு மாநிலக் காவல்துறையும் வனத்துறையும் நிற்கிறார்கள். பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். காட்டுங்கள், வாதாடாதீர்கள்.

ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் பெயர், வீட்டு எண், இரத்த வகை. சட்டைப் பையில் இருக்கட்டும்.

சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டையும் மாத்திரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் மருத்துவக் குழுக்களை நிறுத்தியிருப்பார்கள், சீட்டு இருந்தால் அவர்களுக்கு வேலை சுலபம்.

குழுவாக வந்து மேலே அன்னதானம் கொடுக்க நினைத்தால் அது வேறு கதை. அதற்கு முன்கூட்டியே நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அன்று காலை அண்டாவோடு வந்து நின்றால் அண்டாவோடுதான் திரும்ப வேண்டும். சொந்த ஜீப்பில் போக நினைப்பவர்களும் அப்படியே. அனுமதி ஒட்டிய வண்டிகளை மட்டும்தான் காட்டுப் பாதையில் விடுகிறார்கள். இரு சக்கர வண்டிக்கு இடமே இல்லை.

5. பையில் என்ன, எது கூடாது

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது பிளாஸ்டிக்கில்தான். தண்ணீர்ப் பாட்டில், கேரி பேக், தின்பண்டப் பாக்கெட் என்று எதுவாக இருந்தாலும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். முந்தின இரவே எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவிலும் துணிப்பையிலும் மாற்றிவிடுங்கள். பிஸ்கட்டைக்கூட உறையிலிருந்து பிரித்துப் போடுங்கள். மதுவும் அசைவமும் கூடாது. பீடி, சிகரெட், தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். சித்திரையில் அந்த மலை முழுவதும் காய்ந்த போதைப்புல் (பெயர்தான் அப்படி, உயரமாக வளரும் மலைப்புல்), ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடக்கப் போனவர்களைக் காட்டுத் தீ என்ன செய்தது என்று தேனி மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதே மாவட்டம், இதே மாதிரிப் புல்.

தண்ணீர்: ஆளுக்கு இரண்டு லிட்டர், உலோகப் பாட்டிலில். வழியில் இரண்டு மாவட்டத்தாரும் குடிநீர் வைத்திருப்பார்கள், நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் செங்குத்தான பகுதியில் தாகம் வரும்போது தொட்டி இன்னும் ஒரு வளைவு தள்ளித்தான் இருக்கும். இது அனுபவம்.

சாப்பாடு: புளியோதரை அல்லது எலுமிச்சைச் சாதம், வாழையிலையில் கட்டியது. தயிர்ச் சாதம் வேண்டாம், பத்து மணிக்கே புளித்துவிடும். மேலே அன்னதானம் கிடைக்கும், ஆனால் அந்த வரிசையில் நின்றால் இறங்கும் நேரம் போய்விடும். கொஞ்சம் உப்புக்கடலை, இரண்டு எலுமிச்சம்பழம், உப்பு.

உடை: முழுக்கை, முழுக்கால். புல்லுக்குள் உண்ணி இருக்கும், கடித்தால் வாரக்கணக்கில் அரிக்கும். தேய்ந்த செருப்போடு வராதீர்கள். காய்ந்த புல்லும் பொடிக்கல்லும் சேர்ந்தால் சோப்புத் தரை போல வழுக்கும். தொப்பி, ஒரு ஈரிழைத் துண்டு. துண்டு எதற்கு என்று இறக்கத்தில் சொல்கிறேன்.

6. ஏற்றம்

கம்பத்திலிருந்து நான்கரைக்குக் கிளம்பினால், ஆறு மணிக்குப் பாதை திறக்கும்போது பளியங்குடியில் இருப்பீர்கள். லோயர்கேம்பில் பெரியாற்றுத் தண்ணீரை மின் நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்கள் அரை இருட்டில் தெரியும். இயற்கை உபாதைகளை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். மேலே ஏற்பாடு குறைவு, கூட்டம் அதிகம்.

முதல் ஒரு மணி நேரம் மரக்காடு. நிழல் இருப்பதால் எல்லோரும் இங்கேதான் ஓடுவார்கள், ஓடினவர்களை இரண்டாவது மணி நேரத்தில் பாறையில் உட்கார்ந்தபடி பார்ப்பீர்கள். நானும் ஓடி, அப்புறம் அப்படி உட்கார்ந்தவன்தான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கம்பத்து அப்பத்தா ஒருவர், கையில் வளையல் பொட்டலத்தோடு, "ஏப்பா, மலையில ஏறுறப்ப ஏழு தப்படிக்கு ஒரு மூச்சு விடணும். உங்கள மாதிரி பஸ்ஸப் பிடிக்கிற ஓட்டம் ஓடுனா கண்ணகிய நாளைக்குத்தான் பாப்ப" என்றார். நாளைக்குக் கோயில் கிடையாதே அப்பத்தா என்றேன். "அதத்தானே சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு மேலே போகும்வரை அவரை என்னால் பிடிக்க முடியவில்லை.

மரம் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் பள்ளத்தாக்கு திறக்கும். கம்பம், கூடலூர் பக்கத்துத் தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், வயல் எல்லாம் கட்டம் கட்டமாகக் கீழே கிடக்கும். புல் பகுதியில் நிழல் என்பதே இல்லை. ஏழரை எட்டுக்கு மேல் வெயில் ஏறும், அதற்குள் பாதி உயரமாவது கடந்திருக்க வேண்டும். என் வேகம் சாதாரணம், உட்கார்ந்ததையும் சேர்த்து மூன்றேகால் மணி நேரம் ஆனது.

குறுக்குப் பாதை போல ஒரு தடம் புல்லுக்குள் பிரிந்து போகும், அதில் இறங்காதீர்கள். ஆள் போன தடம் மாதிரிதான் இருக்கும், யானை போனதாகவும் இருக்கலாம்.

7. மேலே

இடிந்து கிடக்கும் கல் கோயில், சுற்றிலும் புல் முகடுகள். வரிசை நீளமாக இருக்கும். ஒன்பதரைக்குள் போனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பதினொன்றுக்கு மேல் ஜீப்பில் வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள், அப்போது கணக்கே கிடையாது. தமிழ்நாட்டு முறைப்படி ஒரு சன்னதியிலும் கேரள முறைப்படி இன்னொரு சன்னதியிலும் பூசை நடக்கும். பெண்கள் வளையலும் மஞ்சள் கயிறும் கொண்டுவருவது வழக்கம். கற்பூரம் போன்றவற்றைச் சோதனையில் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

முகடு முகடாகப் போய்ப் படம் எடுக்க ஆசை வரும். கயிறு கட்டியிருக்கும் எல்லைக்குள்ளேயே நின்றால் போதும், அங்கிருந்தே எல்லாம் தெரியும். எல்லை தாண்டினவர்களைத் திட்டும் வனக் காவலர் மலையாளத்தில் திட்டினாலும் நன்றாகப் புரிகிறது.

பன்னிரண்டரைக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். இதில் நான் கறாராக இருக்கக் காரணம் இரண்டு. சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் கோடை மழை திரளும். வெட்ட வெளியான புல் முகட்டில் இடி இடிக்கும்போது உயரமான பொருள் நீங்கள்தான். இரண்டாவது, சமீப ஆண்டுகளில் மதியம் இரண்டரைக்கு மேல் யாரையும் மேலே ஏற விடுவதில்லை, மாலை ஐந்து ஐந்தரைக்குள் மலையைக் காலி செய்கிறார்கள். கடைசி நேரத்தில் இறங்கினால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருவார்கள்.

8. குமுளிக்கு இறக்கம்

இதுதான் வட்டத்தின் நல்ல பாதி, தொல்லையும் இதில்தான். நல்லது என்னவென்றால், முதல் பாதி முழுவதும் புல் முகடுகளின் தோளில் பாதை வளைந்து வளைந்து போகும். காற்று இருக்கும். மஞ்சள் புல் ஒரு பக்கம் சாய்ந்து எழும், பள்ளங்களில் மட்டும் கரும்பச்சைச் சோலை ஒளிந்திருக்கும். தொல்லை, அதே பாதையில் ஜீப்புகள் போய் வந்துகொண்டே இருப்பது. ஒவ்வொரு ஜீப்பும் ஒரு செம்மண் மேகத்தை உங்கள் மேல் விட்டுவிட்டுப் போகும். துண்டு இதற்குத்தான். நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். ஜீப் வரும்போது மலைப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள்.

மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்குக் குமுளி. கால் ஒத்துழைக்காவிட்டால் மேலேயே ஜீப் வரிசையில் நின்றுவிடுங்கள். பாதி வழியில் கை காட்டினால் நிறுத்த மாட்டார்கள், அளவுக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. ஜீப் கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று அதிகாரிகளே நிர்ணயித்து அறிவிக்கிறார்கள், அந்தத் தொகையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முதல் வருடம் வரிசைக்கு வெளியே ஒருவர் என்னிடம் தனியாக அனுப்புகிறேன் என்று இரண்டு மடங்கு கேட்டார். அவரிடம் அனுமதிச் சீட்டு ஒட்டிய வண்டியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அன்று என்னிடம் அவ்வளவு பணமும் இல்லை.

9. செலவு

நடந்தே வட்டமடித்தால் செலவென்று பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பத்திலிருந்து பேருந்து, கட்டுச் சாதம், குமுளியில் இறங்கியதும் இரண்டு டீயும் பழம்பொரியும், திரும்பும் பேருந்து. லாட்ஜ் வாடகை தவிர 500 ரூபாய்க்குள் எனக்கு முடிந்தது. அதில் பாதி, போன வருடம் இல்லாத எவர்சில்வர் பாட்டிலுக்குப் போனது. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசிப் பணம் போகாது.

10. அந்த ஒரு நாளைத் தவறவிட்டால்

கோயில் அடுத்த சித்திரைக்குத்தான். ஆனால் அதே எல்லைப் புல்மலைகளில் நடக்க மட்டும் ஆசை என்றால், பெரியார் புலிகள் காப்பகம் பார்டர் ஹைக்கிங் என்ற பெயரில் ஒரு முழு நாள் நடை வைத்திருக்கிறது. வனத்துறையின் வழிகாட்டியோடு, காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலைவரை, 900 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள குன்றுகளில் கூட்டிப் போகிறார்கள். இதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு, அடையாள அட்டை கேட்பார்கள். இடம் குறைவு என்பதால் முன்பதிவு செய்யாமல் குமுளிக்கு வந்து நிற்காதீர்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், தை மாசியில் போங்கள். கூட்டமும் தூசியும் இல்லாத இந்த நடைதான் உண்மையில் எனக்குப் பிடித்தது, ஆனால் அந்த அப்பத்தாவை அங்கே பார்க்க முடியாது.

11. திரும்பும் பேருந்து

குமுளியில் மாநில எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் கம்பம், தேனி பேருந்துகள் நிற்கும். அன்று மாலை ஐந்துக்கு மேல் ஜீப்பில் இறங்கும் கூட்டம் மொத்தமும் அங்கேதான் வரும். நான்கே காலுக்குள் போனால் ஜன்னலோரம் கிடைக்கும், இடது வலது பார்க்காமல் முதலில் வருவதில் ஏறிவிடுங்கள். மலைச் சாலை வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் அந்த இரண்டாவது எலுமிச்சம்பழத்தை இதற்காக மிச்சம் வைத்திருக்க வேண்டும்.